ஒரே உடம்பு, பத்துப் போட்டி: வாசகர் கேள்விகள்

டெக்கத்லான் (இரண்டு நாளில் பத்துப் போட்டி), ஹெப்டத்லான் (பெண்களுக்கான ஏழு போட்டி) பயிற்சி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்தப் போட்டிகளுக்கு நெடுநாளாகப் பயிற்சி தந்துவரும் பயிற்சியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் மாணவனுக்கு 16 வயது. 100 மீட்டரும் நீளம் தாண்டுதலும் நன்றாக வருகிறது. டெக்கத்லானுக்குத் தயார் செய்ய ஆசை. ஆனால் போல் வால்ட் (கோலூன்றித் தாண்டுதல்), வட்டு, ஈட்டி எதையும் அவன் தொட்டதே இல்லை. வாரத்தில் இருப்பது ஆறு பயிற்சி நாள். பத்துப் போட்டியை அதில் எப்படி அடக்குவது? (உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்)

அடக்கவே பார்க்காதீர்கள் சார். திங்கள் குண்டு, செவ்வாய் வட்டு என்று பங்கு போட்டால் ஒன்றும் உடம்பில் ஊறாது. முதல் நாள் 100 மீட்டர், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், 400 மீட்டர். இரண்டாம் நாள் 110 மீட்டர் தடை ஓட்டம், வட்டு, போல் வால்ட், ஈட்டி, 1500 மீட்டர். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, எது எதோடு ஒட்டுகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். 100, 400, தடை ஓட்டம், நீளம் தாண்டுதல், போல் வால்ட் ஐந்துக்கும் அடியில் இருப்பது ஒரே சரக்கு, வேகம். அது பையனிடம் ஏற்கெனவே இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், உடம்பு களைக்காத நேரத்தில், முழு வேகத்தில் ஓடவிடுங்கள். தடைகளையும் அந்த நாட்களிலேயே வையுங்கள். நீளம் தாண்டுதலுக்கு எடுக்கும் ரன்-அப்பை இன்னொரு நாள் கையில் கோலைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். குண்டும் வட்டும் இடுப்பைத் திருப்பிக் காலால் தள்ளும் வேலைதான். நின்ற இடத்தில் எறிவதை இரண்டுக்கும் சேர்த்தே சொல்லித் தரலாம்.

நேரத்தை எங்கே போடுவது என்பதற்கு, ஒவ்வொரு போட்டியின் அளவையும் புள்ளியாக மாற்றும் அட்டவணையைப் பாருங்கள். 100 மீட்டரில் 11.10 நொடிக்கு 838 புள்ளி, 11.00 நொடிக்கு 861. ஒரு வருடம் உழைத்து அந்தப் பத்தில் ஒரு நொடியைக் குறைத்தால் கிடைப்பது 23 புள்ளி. குண்டில் 11 மீட்டர் 12 மீட்டரானால் 60 புள்ளி கூடும். போல் வால்ட்டில் 3 மீட்டருக்கு 357, 4 மீட்டருக்கு 617. அந்த ஒரு மீட்டரில் மட்டும் 260 புள்ளி கிடக்கிறது! பையன் இதுவரை தொடாத போட்டிகளில்தான் அவனுக்கான புள்ளிகள் இருக்கின்றன. நன்றாக வருவதையே திரும்பத் திரும்பச் செய்யத்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பயிற்சியாளருக்கும் அதைப் பார்க்கத்தான் பிடிக்கும். அங்கே நாம் உறுதியாக நிற்க வேண்டும்.

போல் வால்ட்டை முதலில் தொடங்குங்கள், கற்க அதிக காலம் பிடிப்பது அதுதான். ஆனால் விழுவதற்கு ஒழுங்கான மெத்தையும் விஷயம் தெரிந்த ஆளும் இல்லாத இடத்தில் கோலைத் தொடவே விடாதீர்கள். நீளம் தாண்டும் மணலில் சின்னக் கோலோடு ஊன்றிப் பழகுவதைக்கூட, பக்கத்தில் அந்த ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். அப்புறம், 18 வயதுக்கு உட்பட்டோருக்குக் குண்டு 5 கிலோ, வட்டு ஒன்றரைக் கிலோ, ஈட்டி 700 கிராம், தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர். பெரியவர்களின் 7.26 கிலோ குண்டை இப்போதே கொடுத்தால் பையன் பலத்தைத் தேடி நுட்பத்தைத் தொலைப்பான்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, உயரம் தாண்டுதலில் பரிசுகள் வாங்குகிறாள். பயிற்சியாளர் ஹெப்டத்லானுக்கு மாறச் சொல்கிறார். ஏழு போட்டியையும் பிடித்துக்கொண்டு, இருப்பதையும் விட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய்)

பயப்பட வேண்டாம் அம்மா. பெல்ஜியத்தின் நபிசாட்டு தியாம் 2019-ல் ஒரு ஹெப்டத்லான் போட்டிக்கு நடுவிலேயே 2.02 மீட்டர் உயரம் தாண்டினார். ஜாக்கி ஜாய்னர்-கெர்சி 1988 சியோல் ஒலிம்பிக்கில் 7291 புள்ளியோடு ஹெப்டத்லான் தங்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதல் தங்கமும் அவருக்குத்தான். பல போட்டி பழகுவதால் ஒரு போட்டி கெட்டுப்போகும் என்பதை நான் ஏற்பதில்லை. 14 வயதில் ஓட, தாண்ட, எறிய என்று எல்லாம் பழகும் பிள்ளைக்கு உடம்பு சீராக வளரும், பின்னால் ஒரே போட்டிக்குத் திரும்பினாலும் அது கை கொடுக்கும். பயிற்சியாளரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: வாரத்தில் முழு ஓய்வு நாள் உண்டா? இல்லை என்றால், அதைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: எனக்குத் தாண்டுதலுக்கு ஒரு பயிற்சியாளர், எறிதலுக்கு ஒருவர், ஓட்டத்துக்கு ஒருவர். மூவருமே நல்லவர்கள். ஆனாலும் இடது முட்டிக்குக் கீழே வலி வந்துவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது? (டெக்கத்லான் வீரர், 20 வயது)

தம்பி, முதலில் மருத்துவரிடம் காட்டு. அது முடியட்டும், மற்றதை அப்புறம் பேசலாம்.

நீ வலது கைக்காரன் என்று வைத்துக்கொள்கிறேன். போல் வால்ட்டில் நீ எழும்புவது இடது காலில். நீளம் தாண்டுதலிலும் உயரம் தாண்டுதலிலும் பெரும்பாலும் அதே கால். ஈட்டியை விடும்போது ஓடி வந்த வேகத்தை எல்லாம் வெட்டி நிறுத்துவது அதே இடது கால். குண்டிலும் வட்டிலும் கடைசியில் ஊன்றி நிற்பதும் அதுதான். தாண்டுதல் பயிற்சியாளர் தன் தாண்டல்களை மட்டும் எண்ணுகிறார், எறிதல் பயிற்சியாளர் தன் எறிதல்களை. மூன்று திட்டமும் தனித்தனியே பார்த்தால் அளவாகத்தான் இருக்கும். உன் இடது காலுக்கு மட்டும் மூன்றும் சேர்ந்து வருகிறது.

என் பிள்ளைகளுக்கு நான் எழுதும் நோட்டில் போட்டிவாரியாகக் கணக்கு கிடையாது. முழு ரன்-அப்பில் எடுத்த ஒவ்வொரு தாண்டலும், முழு ஓட்டத்தில் எறிந்த ஒவ்வொரு ஈட்டியும் ஒரே பத்தியில் விழும். அந்தப் பத்தி நிறைந்துவிட்டால், அன்று ஈட்டி என்று திட்டத்தில் இருந்தாலும் நின்ற இடத்திலிருந்துதான் எறிய வேண்டும். மூவரில் ஒருவரை இந்த நோட்டுக்குப் பொறுப்பாக்கு. பொதுவாக ஓட்டப் பயிற்சியாளர் பொருத்தமாக இருப்பார், உன்னை அதிக நாள் பார்ப்பவர் அவர்தான். காலையில் படி இறங்கும்போது முட்டிக்குக் கீழே சுருக்கென்றால் அதை அவரிடம் அன்றே சொல். மறைக்காதே. அணியில் இடம் போய்விடும் என்று மறைத்து, சீசன் முழுவதையும் இழந்த பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

கேள்வி: ஹெப்டத்லானில் ஒரு முறை ஃபால்ஸ் ஸ்டார்ட் (சத்தத்துக்கு முன்பே கிளம்புவது) செய்தாலே வெளியேற்றிவிடுவார்களா?

முதல் தடவைக்கு வெளியேற்ற மாட்டார்கள். ஆனால் அது அந்த ஓட்டத்தில் ஓடும் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாய்ப்பு. முதலில் தவறியது வேறொருவராக இருந்தாலும், அடுத்து நீங்கள் முந்தினால் அந்த ஓட்டத்தில் உங்களுக்குப் பூஜ்யம்தான். எனவே யாராவது ஒருவர் தவறியதும், சத்தம் கேட்கும்வரை அசைவதில்லை என்று முடிவு கட்டிவிடுங்கள்.

கேள்வி: நீளம் தாண்டுதலில் எழும்பும் பலகையைத் தாண்டி மிதித்து இரண்டு ஃபவுல் ஆகிவிட்டால் கை கால் உதறுகிறது. மூன்றாவதையும் கெடுத்துக்கொள்கிறேன். அதன் பிறகு ஈட்டியும் போச்சு, 800 மீட்டரும் போச்சு. (ஹெப்டத்லான் வீராங்கனை)

இது உனக்கு மட்டும் வருவதில்லை அம்மா. பிரான்சின் கெவின் மேயர் 2018 ஆகஸ்டில் பெர்லினில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் நீளம் தாண்டுதலில் மூன்றுமே ஃபவுல். ஒரே மாதத்தில், செப்டம்பரில், தலான்ஸ் நகரில் 9126 புள்ளி எடுத்து உலக சாதனை படைத்தார். அமெரிக்காவின் டான் ஓ'பிரையன் 1992 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் போல் வால்ட்டை 4.80 மீட்டரில் தொடங்கி, மூன்று முயற்சியிலும் தவறி, ஒலிம்பிக் வாய்ப்பையே இழந்தார். அவரும் அதே செப்டம்பரில், அதே தலான்ஸில் 8891 புள்ளியோடு உலக சாதனை படைத்தார். 1996-ல் ஒலிம்பிக் தங்கமும் வந்தது.

இருவர் விஷயத்திலும் நான் என் பிள்ளைகளுக்குக் காட்டுவது முதல் முயற்சியைத்தான். நமக்குக் கிடைப்பது மூன்றே முயற்சி. அதனால் முதலாவது, பலகைக்குப் பின்னாலிருந்து எழும்பினாலும் பரவாயில்லை என்று எடுக்கும் தாண்டலாக இருக்க வேண்டும். ரன்-அப் மார்க்கை ஒரு அடி பின்னால் தள்ளி வை. பின்காற்று அடித்தால் இன்னும் கொஞ்சம். ஒரு அளவு பதிவாகிவிட்டால் மற்ற இரண்டிலும் நெஞ்சு நிறைய ஓடலாம். இதைப் போட்டியில் முதல் தடவையாகச் செய்யாதே. பயிற்சியிலேயே "மூன்றே தாண்டல், முதலாவது கண்டிப்பாகச் செல்லுபடியாக வேண்டும்" என்று வைத்துப் பழகு.

அப்படியும் மூன்றும் போனால் பூஜ்யம் விழும், போட்டி முடியாது. அடுத்த போட்டியில் இறங்காவிட்டால்தான் நீ வெளியே. ஒரு போட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் முடிந்தவரை அரை மணி நேரமாவது தர வேண்டும் என்பது விதி. அதை நான் பிரித்துக் கொடுப்பேன். முதல் பத்து நிமிடம் அழலாம், கோபப்படலாம், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பிறகு ஷூவை மாற்ற வேண்டும். ஷூ மாறிய பிறகு எங்கள் குழுவில் யாரும் முந்தைய போட்டியைப் பேசக் கூடாது, பெற்றோர் உட்பட. பயிற்சியிலும் இந்த மாற்றத்தைப் பழக்க வேண்டும். ஈட்டி எறிந்த கையோடு 800 மீட்டர் வேகத்தில் ஒரு 300 ஓடு. தடை ஓட்டம் ஓடி உடம்பு இறுகியிருக்கும்போதே உயரம் தாண்டுதலுக்கான வளைந்த ரன்-அப்பை எடுத்துப் பார். தனியாகப் பழகும்போது வராத தடுமாற்றம் அப்போது வரும். அதைச் சரி செய்வதுதான் எங்கள் வேலையில் பாதி.

கேள்வி: 1500 மீட்டர் என்றாலே பயம். ஐந்து நிமிடம் ஆகிறது. தினமும் நீண்ட தூரம் ஓடட்டுமா? (டெக்கத்லான் வீரர், 19 வயது)

வேண்டாம் தம்பி, உன் வேகம் மழுங்கிவிடும். உலக சாதனை படைத்த அன்று மேயரே 1500 மீட்டரை 4:36-ல்தான் ஓடினார். ஐந்து நிமிடத்துக்கு 560 புள்ளி, 4:40-க்கு 680. அந்த 120 புள்ளியை எடுக்க முடியும். வாரத்தில் ஒரு நாள் மிதமான ஓட்டம், ஒரு நாள் 300, 400 மீட்டர்களைக் குறைந்த இடைவெளியில் திரும்ப ஓடுவது போதும். ஐந்து நிமிடம் என்றால் சுற்றுக்கு 80 நொடி, 4:40 என்றால் 75-க்குக் கொஞ்சம் குறைவு. உன்னைப் போன்ற வேகக்காரர்கள் முதல் சுற்றை 68-ல் ஓடிவிட்டு மூன்றாவதில் நடப்பார்கள். முதல் சுற்றை 75-ல் ஓடப் பழகு, பக்கத்தில் யார் முந்தினாலும் சரி.