ஓவனில் எஃப் 3 என்று வந்தால் போர்ட்டை மாற்றத்தான் வேண்டுமா?

கரண்ட் ஓவன் சூடாகாமல் எஃப் 3 என்ற பழுதுக் கோட் காட்டுகிறது, திருத்துகிறவர் போர்ட் (ஓவனை இயக்கும் மின்னணுப் பலகை) மாற்றச் சொல்கிறார், மாற்றட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுங்கள், இன்னும் காசு கொடுத்துவிடாதீர்கள். இதே கோட், இதே பதில் எனக்கும் கிடைத்தது.

நான் மட்டக்களப்பு கல்லடியில், வீட்டிலேயே கேக் அடித்து விற்கிறவள். போன வருடம் ஒரு சாமத்திய வீட்டுக்கு 5 கிலோ பட்டர் கேக் ஓடர். இரண்டு நாள் இருக்கும்போது ஓவன் கத்திவிட்டு எஃப் 3 காட்டியது. மெயினில் நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டுப் போட்டேன். (நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் சில நேரம் கோட் வந்து நின்றுவிடும்.) திரும்பவும் அதுவே வந்தது.

டவுனிலிருந்து ஒருவர் வந்தார். பின்தகட்டைக் கூடக் கழற்றவில்லை. "போர்ட் போயிட்டு, 45,000 முடியும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஐயா இல்லையா? அவரோட கதைக்கிறன்" என்றார். என் கணவர் கட்டாரில். அந்த ஓவன் என் உழைப்பில் வாங்கியது. என்னோடு கதைக்க முடியாது என்றால் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

பிறகு ஓவனோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். எஃப் 3 என்றால் வெப்ப சென்சரின் இணைப்பு அறுந்திருக்கிறது என்று போட்டிருந்தது. கொம்பனிக்குக் கொம்பனி கோட் மாறும், அதனால் உங்கள் புத்தகத்தையும் பாருங்கள். போர்ட் பழுது என்று அதில் எங்கேயும் இல்லை. சென்சரிலிருந்து போர்ட்டுக்கு ஒரு தகவலும் வரவில்லை, அவ்வளவுதான்.

சென்சர் என்பது ஓவனின் உள்ளே பின்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் பென்சில் போன்ற கம்பி. என்னுடையது பிடி 1000 வகை. 0 பாகையில் 1000 ஓம் (மின்தடையின் அளவு) காட்டும், ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 3.85 ஓம் கூடும். எங்கள் 30 பாகை வெயிலில் 1115 ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் ஓம் அளக்கும் மீட்டர் வாங்கி, கரண்டை முழுதாக நிறுத்திவிட்டு, சென்சரின் இரண்டு வயரிலும் வைத்தேன். 1117. சென்சர் நல்லாத்தான் இருக்கிறது. அதே வயர் போர்ட்டில் வந்து சேரும் முனையில் வைத்தேன். மீட்டரில் ஒன்றுமே வரவில்லை. அப்படியென்றால் பழுது நடுவில்தானே? வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். ஓவனின் பின்னால் ஒரு சின்னக் கனெக்டர், உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். உப்புக்காற்று இங்கே எதைத்தான் விட்டுவைக்கிறது?

அந்தக் கனெக்டரை வெட்டி எடுத்துவிட்டு, சூடு தாங்கும் பீங்கான் கனெக்டர் போட்டேன். சாதாரண டேப் சுற்றாதீர்கள், உருகிவிடும். கோட் போய்விட்டது, கேக்கும் சொன்ன நேரத்துக்குப் போனது.

பொம்பிளைப் பிள்ளைகளைக் கரண்டில் கை வைக்கச் சொல்கிறாள் என்று எழுத வருகிறவர்களுக்கு: நான் நிறுத்தியது ஓவனின் சுவிட்ச்சை மட்டும் அல்ல, மெயினையே. நிறுத்திய பிறகும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொட்டேன். மைக்ரோவேவில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். அதன் கப்பாசிட்டரில் பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவு கரண்ட் நிற்கும். திருத்துகிற எல்லோரையும் நான் குறை சொல்லவும் இல்லை. போர்ட்டில் கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச் போன்ற ரிலே ஒட்டிக்கொண்டு ஓவன் அளவுக்கு மேல் சூடானால் அந்தப் போர்ட்டைப் பார்க்கத்தான் வேண்டும். அளந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் என் வாதம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த 5 கிலோவுக்கு மிச்சக் காசு வர மூன்று மாதம் ஆனது. "மா, சீனி, முட்டை தானே, வீட்டில இருந்துதானே செய்யிறீங்க" என்றார்கள். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில், கரண்ட் வரும் நேரம் பார்த்து நடுச்சாமத்தில் எழும்பிக் கேக் போட்டவள் நான். கடையில் வாங்கினால் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுத்தானே பெட்டியைத் தூக்குகிறீர்கள்? வீட்டில் செய்கிறவளின் இரவுக்கு மட்டும் ஏன் விலை இல்லை?

சரி, உங்கள் ஓவனுக்கு வருகிறேன். ஆறிக் கிடக்கும்போதே கோட் வருகிறதா, சூடான பிறகு வருகிறதா? ஆறியிருக்கும்போதே வந்தால் முதலில் சென்சரையும் வயரையும் பாருங்கள். இரண்டு முனையிலும் மீட்டர் காட்டும் எண்ணை இங்கே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.