அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே விழுந்த 11 நாள்

கேள்வி: எனக்கு 26 வயது. குழந்தைக்கு ஒன்றேகால் வயது. அடுத்த குழந்தை மூன்று வருடம் கழித்துப் போதும் என்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாலா-என் கருத்தடை மாத்திரையைப் போட்டுவந்தேன். கடைசியில் வரும் பழுப்பு மாத்திரைகள் வெறும் சத்து மாத்திரைதான் என்றார்கள், அதனால் போடவில்லை. மாதவிடாய் முடிந்து தலைக்குக் குளித்தபின் புது அட்டை ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன். போய்க் கேட்டால் ஸ்டாக் இல்லை. கடைசியில் மெடிக்கலில் வேறு ஒரு அட்டை வாங்கினேன். அதில் 21 மாத்திரைதான் இருந்தது. வெள்ளை மாத்திரை முடிந்ததற்கும் இதை ஆரம்பித்ததற்கும் நடுவில் 11 நாள் ஆகிவிட்டது. ஒரு கல்யாணத்துக்குப் போனதில் நாலாவது, ஐந்தாவது மாத்திரையை மறந்துவிட்டேன். மறுநாள் மூன்றையும் சேர்த்துப் போட்டேன், ஒரே குமட்டல். அதன்பின் ஏழு நாளாக விடாமல் போடுகிறேன். மெடிக்கல்காரர், "ஒன்னும் ஆகாது, தேதி தள்ளிப்போனா வாங்க, அதுக்கும் மாத்திரை இருக்கு" என்கிறார். மாத்திரை உடம்புக்குச் சூடு, பின்னால் குழந்தை நிற்காது என்கிறார் மாமியார். நான் கர்ப்பமாக இருப்பேனா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். அட்டையில் மீதி இருப்பதை ஒரு நாளும் விடாமல் போட்டு முடியுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்றால், உண்டு. ஆனால் அந்த வாய்ப்பு நீங்கள் நினைக்கும் இடத்திலிருந்து வரவில்லை. கல்யாண வீட்டில் மறந்த இரண்டு மாத்திரைகளைப் பற்றித்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்குப் பயம் அந்த 11 நாள்மேல்.

விஷயம் இதுதான். வெள்ளை மாத்திரை சினைப்பையைத் தூங்கவைக்கிறது, முட்டை வெளியே வராது. அது நன்றாகத் தூங்க ஏழு மாத்திரை தொடர்ந்து போட வேண்டும். தூங்கியபின் ஏழு நாள் மாத்திரை இல்லாவிட்டாலும் எழுந்திருக்காது. அந்த ஏழு நாளில்தான் மாதவிடாய் வருகிறது. எட்டாம் நாள் தாண்டினால் விழிக்க ஆரம்பித்துவிடும். அதனால் எல்லாவற்றையும்விட ஆபத்தான மறதி, புது அட்டையைத் தாமதமாக ஆரம்பிப்பதுதான். அட்டையின் நடுவில் ஒரு மாத்திரை விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏழு நாள் இடைவெளி ஒன்பது, பத்து என்று நீள்வதில்தான் பிள்ளை உண்டாகிறது.

பழுப்பு மாத்திரையில் இருப்பது இரும்புச் சத்துதான், உங்களிடம் சொன்னது பொய் இல்லை. பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஏழும் நாள் கணக்குக்காக வைத்தவை. 21 வெள்ளை, ஏழு பழுப்பு, ஆக 28. கடைசிப் பழுப்பு மாத்திரை போட்ட மறுநாளே அடுத்த அட்டையின் முதல் வெள்ளை. மாதவிடாய் வந்ததா, நின்றதா, தலைக்குக் குளித்தாயிற்றா, வெள்ளிக்கிழமையா என்று எதையும் பார்க்க வேண்டாம். மாத்திரை கணக்குக்கும் தலைக்குக் குளிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. இரத்தப்போக்கு இன்னும் நிற்காவிட்டாலும் ஆரம்பித்துவிட வேண்டியதுதான். மலம் கறுப்பாகப் போனால் அது இரும்பினால், பயப்பட வேண்டாம். வயிற்றைக் கட்டினால் பழுப்பு மாத்திரையை விட்டுவிடலாம், ஆனால் நாளை எண்ண வேண்டும். காலண்டரில் எட்டாம் நாளை வட்டம் போட்டு வையுங்கள்.

இப்போது மெடிக்கலுக்கு வருவோம். உங்களுக்கு அவர் கொடுத்தது 21 மாத்திரை அட்டை. அதில் பழுப்பு கிடையாது, ஏழு நாள் சும்மா இருந்து எட்டாம் நாள் அடுத்ததை ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. சொன்னாரா? கல்லாவில் நிற்கும் பையனுக்கு அது தெரியுமா என்பதே சந்தேகம். 24 வெள்ளையும் நாலு வெற்று மாத்திரையும் உள்ள அட்டைகளும் விற்கின்றன. முகப்பருவுக்கு, சினைப்பை நீர்க்கட்டிக்கு (பி.சி.ஓ.டி.) என்று எழுதிக்கொடுக்கும் அட்டைகளும் அதே அலமாரியில்தான் இருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு இரத்தம் கட்டும் அபாயம் மாலா-என்னைவிடக் கொஞ்சம் அதிகம். "எல்லாம் ஒன்னுதான்" என்று எதையாவது எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அட்டையின் பின்பக்கம் லெவோனார்ஜெஸ்ட்ரல் 0.15, எத்தினைல் எஸ்ட்ரடியால் 0.03 மில்லிகிராம் என்று இருந்தால்தான் அது மாலா-என்னுக்குச் சமம். எழுத்து பொடியாக இருக்கும். பழைய அட்டையைக் கையோடு கொண்டுபோய், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து, "அதுக்கும் மாத்திரை இருக்கு" என்றாரே, அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொல்வது கருக்கலைப்பு மாத்திரை. டாக்டர் பார்த்து, எத்தனை வாரம் என்று கணக்கிட்டு, கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா என்று உறுதிசெய்தபின் தர வேண்டியதை, சில கடைகளில் தாளில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. இரத்தம் மட்டும் கொஞ்சம் போகும், கலைந்துவிட்டது என்று நினைத்து வீட்டில் இருப்பீர்கள். ஒரு நாள் குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் கொட்டி, முகம் வெளுத்து ஆம்புலன்ஸில் வருவீர்கள். அப்படி வந்தவர்களை ஆபரேஷன் மேஜையில் பார்த்தவள் நான். கருத்தடை தவறி உண்டான கர்ப்பத்தை டாக்டர் மூலம் கலைப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது, அரசு மருத்துவமனையில் காசில்லாமல் செய்வார்கள். கடையில் வாங்கி மட்டும் போடாதீர்கள்.

கோயில் திருவிழா, கிரகப்பிரவேசம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட வாங்கும் மாத்திரையும் கருத்தடை மாத்திரை கிடையாது. அதைப் போட்டுக்கொண்டே தைரியமாக இருந்து கர்ப்பமானவர்கள் எத்தனையோ பேர். மாலா-என் போடுகிறவருக்கு அந்தத் தனி மாத்திரையே தேவையில்லை. பழுப்பை விட்டுவிட்டு நேரே அடுத்த அட்டையின் வெள்ளையை ஆரம்பித்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், பாதுகாப்பும் குறையாது.

சரி, மறதிக்கு வருகிறேன். ஒரு மாத்திரை மறந்தால் நினைவு வந்த உடனே போடுங்கள், அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ மறந்தால், கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதைத் தூக்கிப் போடுங்கள். மூன்றை ஒன்றாக விழுங்கியதில் கெடுதல் ஒன்றும் இல்லை, வீணாகக் குமட்டியதுதான் மிச்சம். அதன்பின் ஏழு மாத்திரை தொடர்ந்து போடும்வரை நிரோத் (ஆணுறை). அட்டையில் ஏழுக்கும் குறைவான வெள்ளைதான் பாக்கி என்றால், அதை முடித்துவிட்டுப் பழுப்பைத் தொடாமல் அடுத்த அட்டைக்குப் போய்விட வேண்டும். மாத்திரை போட்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போடுங்கள்.

முதல் வாரத்தில் இப்படி விட்டுப்போய், அந்தச் சமயத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரை போட வேண்டும். மூன்று நாளுக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இதை மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005-லேயே அனுமதித்துவிட்டது. நம் ஊரில் பாதிக் கடைகளில் கேட்டால் "அது வராதும்மா" என்று ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கலைப்பு மாத்திரையைக் கேட்காமலே கொடுக்கிற கையால்தான் கலைக்கவே தேவையில்லாமல் செய்யும் மாத்திரையை இல்லை என்கிறார்கள். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை புரியவில்லை. கடையில் கிடைக்காவிட்டால், ஐந்து நாளுக்குள் அரசு மருத்துவமனையில், கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், மாத்திரையைவிட அது உறுதி.

உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஏழு நாளாக விடாமல் போட்டதால் இனி பாதுகாப்பு உண்டு, முந்தைய நாட்கள்தான் சந்தேகம். மீதி அட்டையை முடியுங்கள், எட்டாம் நாள் புது அட்டையை ஆரம்பியுங்கள். இன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து, காலை முதல் சிறுநீரில் கார்டு டெஸ்ட் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே செய்வார்கள். நடுவில் மாதவிடாய் வந்தாலும் பாருங்கள். கர்ப்பம் என்று வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். தெரியாமல் போட்ட இந்த மாத்திரையால் குழந்தைக்கு ஊனம் வராது, அதற்காகக் கலைக்க வேண்டியதில்லை. டெஸ்டுக்கு முன்பே அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று வலித்தாலோ தலைசுற்றல் வந்தாலோ காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இதை நான் எல்லோரிடமும் கேட்பேன், சலித்துக்கொண்டாலும் கேட்பேன். காசநோய் மருந்தில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று இருக்கிறது. சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகுமே, அதுதான். அது ஈரலை முடுக்கிவிட்டு, கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை வேலை செய்வதற்குள் கரைத்துவிடும். ஒரு நாள்கூட மறக்காமல் போட்டாலும் போடாத மாதிரிதான். ஒரு பெண் தன் மஞ்சப்பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து என் மேஜையில் வைத்தார், ஒன்று காசநோய் மாத்திரை, இன்னொன்று மாலா-என். இரண்டும் ஒரே சுகாதார நிலையத்தில், அடுத்தடுத்த ஜன்னலில் கொடுத்தவை. காசநோய் ஜன்னலில் இருந்தவர் குடும்ப நலம் பற்றிக் கேட்கவில்லை, குடும்ப நல ஜன்னலில் இருந்தவர் காசநோய் பற்றிக் கேட்கவில்லை. இரண்டு பதிவேடு, இரண்டு திட்டம், நடுவில் நான்கு மாதக் கர்ப்பம். சிகிச்சை பொதுவாக ஆறு மாதம், முடிந்த பிறகும் நான்கு வாரம் அந்த வேகம் ஈரலில் இருக்கும். அதுவரை காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி. நோய் உங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வாரம் ஒரு நாள் வீதம் 12 வாரம் தடுப்பு மாத்திரை தருகிறார்கள். அதில் இருக்கும் ரிஃபாபென்டினும் இதே வேலையைச் செய்யும். வலிப்பு மாத்திரைகள் சிலவும் அப்படித்தான். சளி, காய்ச்சலுக்குத் தரும் சாதாரண ஆன்டிபயாடிக் எதுவும் இப்படிச் செய்யாது.

மாமியாரிடம் சொல்லுங்கள், நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு மாதத்தில் முட்டை மறுபடி வர ஆரம்பித்துவிடும். பின்னால் குழந்தை நிற்காது என்பது உண்மை இல்லை. சூடு என்று அவர் சொல்வது குமட்டலையும் திட்டுத்திட்டாக இரத்தம் படுவதையும் பார்த்துத்தான் இருக்கும். முதல் இரண்டு மூன்று மாதம் அது இருக்கும், அப்புறம் அடங்கிவிடும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். நடுவில் உடம்புக்கு ஓய்வு என்று ஒரு மாதம் விடுகிறார்களே, அந்த ஓய்வு தேவையே இல்லை. பாலூட்டுகிறீர்களா என்று எழுதவில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் தாண்டியதால் பாலூட்டினாலும் இந்த மாத்திரை போடலாம்.

ஸ்டாக் இல்லை என்பது பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், மாத்திரை போடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதனால் குடும்ப நலம் என்றாலே "ரெண்டு ஆச்சா, முடிச்சிடும்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மாத்திரை கேட்டு வருகிறவருக்குக் கணக்கைச் சொல்லித்தர ஆளும் இல்லை, பல மாதம் அட்டையும் இல்லை. அடுத்த முறை போகும்போது மூன்று அட்டை சேர்த்துக் கேளுங்கள். ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வீட்டில் இருக்க வேண்டும். இல்லை என்றால் நர்ஸிடம் சண்டை போட வேண்டாம், பாவம், அவர் கையில் ஒன்றும் இல்லை. மருத்துவ அலுவலரைப் பார்த்துக் கேளுங்கள்.

அப்படியே இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் யாரும் ஒரு முறைகூடப் பார்த்ததாகத் தெரியவில்லை. 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த மாத்திரை வேண்டாம், வேறு வழியை டாக்டர் சொல்வார். தலைவலி வருவதற்கு முன் கண் முன்னால் வளைவு வளைவாக மின்னுவது மாதிரி தெரிகிறவர்களுக்கும் இது கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தால், நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினால், மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லுங்கள்.