நாள்பட்ட நோய் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்த பத்திரிகை, டிவியில் செய்தி வர வைப்பது எப்படி?

"இது முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா" என்று ஒரு நாளாவது உட்கார்ந்து அழுதிருப்பீர்கள். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ஆரம்பித்ததும் அங்கிருந்துதான்.

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை. 2016 ஏப்ரலில், ஏழு வயதில் தெரிந்தது. அதற்கு முன் ஒரு மாதமாகத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கரூர் வெயில், அதான் தாகம் என்று விட்டுவிட்டோம். மூன்று வயதிலேயே நின்றுபோயிருந்த பாய் நனைக்கிற பழக்கம் திரும்ப வந்தது. யூனிஃபார்ம் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தி அனுப்பினேன். வாந்தி ஆரம்பித்ததும் பக்கத்து கிளினிக்கில் வயிற்று வலிக்கு மருந்து கொடுத்தார்கள். மறுநாள் ராத்திரி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்தபோது மெஷினில் எண்ணே வரவில்லை, ‘ஹை’ என்று மட்டும் காட்டியது. சர்க்கரை 600-ஐத் தாண்டினால் பல மெஷின்கள் அப்படித்தான் காட்டும். இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகிப் போயிருந்தது. மூன்று நாள் ஐ.சி.யு.

அந்த ஒரு மாதத்தில் யாராவது ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் போதும், ஐ.சி.யு. வரை போயிருக்க வேண்டியதில்லை. அந்த ஆத்திரத்தில்தான் பத்திரிகைக்குப் போனேன்.

2018 நவம்பர். 14-ம் தேதி உலக சர்க்கரை நோய் தினம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பேண்டிங்கின் பிறந்த நாள் அது. நமக்கு அன்றைக்கே குழந்தைகள் தினமும். இதைச் சொன்னதுமே நிருபர் வந்துவிட்டார். நல்ல மனிதர், ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மகள் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்வதைப் போட்டோ எடுத்தார். பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

மறுநாள் தலைப்பு: "இனிப்பு ஆசையால் வந்த வினை: தினமும் 4 ஊசி போடும் சிறுமி". கீழே அவள் பெயர், பள்ளியின் பெயர், நாங்கள் இருக்கும் தெரு.

டைப் 1-ல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. லட்டு தின்றதால் வருவதே இல்லை. இதை அவரிடம் மூன்று முறை சொன்னேன், அவர் நோட்டில் எழுதியதையும் பார்த்தேன். போன் செய்தபோது மனதார வருத்தப்பட்டார். "நான் மேட்டரை மட்டுந்தாங்க அனுப்புவேன், தலைப்பு ஹெட் ஆபீஸ் டெஸ்க்ல வைக்கறதுங்க" என்றார். திருத்தம் போடச் சொன்னேன். வரவில்லை.

பள்ளியில் அவளுக்கு ‘ஊசி’ என்று பெயர் வைத்தார்கள். அப்போது ஒன்பது வயது. ஒரு வாரம் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். வீட்டுக்கு வந்த போன்களில் பாதி மருந்து விற்பவர்கள். "ஒரு மண்டலம் லேகியம் சாப்பிட்டா ஊசியே வேண்டாம்மா" என்று ஒருவர் என் மாமியாரிடம் பேசிப் பேசி, அவரும் "ஒருக்கா பார்க்கலாமே கண்ணு" என்று என்னிடம் வந்து நின்றார். டைப் 1 குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போய்விடும். சித்த மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டிலும் கஷாயம் உண்டு. இன்சுலினை நிறுத்தச் சொல்பவர்களைத்தான் சொல்கிறேன்.

சொல்லும்போதே இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒரு மருந்துக் கடையில் ராத்திரி கடை சாத்தும்போது கரண்ட் மிச்சம் என்று ஃபிரிட்ஜையும் அணைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் டோஸைக் கூட்டிக் கூட்டிப் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. வேறு கடையில் வாங்கிப் போட்டதும் இறங்கியது. கேட்டதற்கு "மத்தவங்க யாரும் இப்படிச் சொன்னதில்லையே" என்றார் கடைக்காரர். வயதான எத்தனை பேர் அந்த மருந்தையே போட்டுக்கொண்டு, தங்கள் உடம்பைத்தான் குறை சொல்லியிருப்பார்களோ என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது. மே மாதத்தில் இன்சுலின் வாங்குபவர்கள் கடை ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்டே வாங்குங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஜனவரியில் மறுபடி முயற்சி செய்தேன். டொரோண்டோவில் லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டது 1922 ஜனவரி. சரியாக நூறு வருடம். ‘இதை ஏன் இன்றைக்குப் போட வேண்டும்’ என்று செய்தி ஆசிரியர் கேட்பார். அதற்குப் பதில் கையில் இல்லாமல் போகாதீர்கள். இந்த முறை நானே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். தலைப்பையும் நானே எழுதி, "மாற்றினால் ஒரு போன் மட்டும் செய்யுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் டாக்டரிடம் காட்டி அவர் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். மகள் போட்டோ இல்லை, பெயர் இல்லை. பள்ளியும் இல்லை.

கொரோனா மூன்றாம் அலை நேரம், இடமே இல்லை என்றார்கள். ஆறு வரிப் பெட்டிச் செய்தியாக வந்தது: அடிக்கடி சிறுநீர், அடங்காத தாகம், எடை குறைவு, சோர்வு, இந்த நான்கில் எது குழந்தைக்கு இருந்தாலும் அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். அவ்வளவுதான். முதலில் ஏமாற்றமாக இருந்தது. ஆனால் ஒரு அங்கன்வாடி டீச்சர் அதை வெட்டிச் சுவரில் ஒட்டியிருப்பதாக போன் செய்தார். முதல் முறை வந்த அரைப் பக்கக் கட்டுரையை யாரும் சுவரில் ஒட்டவில்லை.

ஒரு தாய்க்கு நான்கு அறிகுறி தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு: இத்தாலியில் பார்மா பகுதியில் 1990-களில் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களிடமும் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். திடீரென்று மறுபடி படுக்கையை நனைக்கும் குழந்தையைக் கவனியுங்கள் என்பதுதான் அதன் சாரம். புதிதாக நோய் தெரியவரும் குழந்தைகளில் என் மகள் போல ரத்தம் அமிலமாகி வந்தவர்கள் 78 சதவீதமாக இருந்தது, 12.5 சதவீதமாக இறங்கியது. அதனால் உங்கள் நோய் எதுவானாலும், படிப்பவர் அன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியத்தை முதல் வரியில் வையுங்கள். உங்கள் கஷ்டத்தைப் படித்தால் ‘பாவம்’ என்பார்கள், பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

வந்த செய்தி பின்னாலும் உதவும். பொதுத் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக டைப் 1 மாணவர்களுக்கு சி.பி.எஸ்.இ. 2017-ல் அனுமதி கொடுத்தது. மகள் படித்தது வேறு போர்டு. இருந்தாலும் அந்தச் செய்தியின் நறுக்கைக் காட்டித்தான் தலைமையாசிரியரிடம் பேசினேன். வகுப்பில் மிட்டாய் வைத்துக்கொள்ள உடனே ஒத்துக்கொண்டார்.

பிள்ளையை வைத்து விளம்பரம் தேடுகிறாள் என்று சொந்தத்திலேயே பேசினார்கள். இங்கேயும் யாராவது எழுதுவீர்கள். முதல் முறை அவளிடம் கேட்காமல் அவள் முகத்தைக் கொடுத்தது என் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். செய்தி வர வைத்தது தப்பில்லை. உங்கள் விஷயத்திலும் நோயாளி வேறொருவர் என்றால் நிருபருக்கு முன்னால் அவரிடம் கேளுங்கள். குழந்தையானாலும் கேளுங்கள்.

என்ன நோய், எந்த மாவட்டம் என்று கமெண்டில் எழுதுங்கள். நான் எழுதிக்கொண்டு போன அந்த ஒரு பக்கத்தின் போட்டோவை அனுப்புகிறேன், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். நவம்பர் 14-க்காக என்றால் அக்டோபர் கடைசியிலேயே நிருபரைப் பாருங்கள். அந்த வாரத்தில் போனால் குழந்தைகள் தின விழாச் செய்திகளிலேயே பக்கம் நிறைந்துவிடும்.