கணினி கேள்வி-பதில்: காலியிடத்தை ஏன் ஒதுக்கச் சொல்கிறது?

கேள்வி: நான் திருமணப் படப்பிடிப்புத் தொழில் செய்கிறேன். சென்ற மாதம் லோ யாட் பிளாசாவில் 500 ஜிபி சாம்சங் 870 ஈவோ எஸ்எஸ்டி (ஃபிளாஷ் நினைவகச் சேமிப்பு வட்டு) வாங்கி மேசைக் கணினியில் பொருத்தினேன். கடைப் பையன் சொன்னபடி 'சாம்சங் மேஜிஷியன்' மென்பொருளையும் நிறுவினேன். ஏற்கெனவே 465 ஜிபிதான் காட்டுகிறது. அதிலும் 10 விழுக்காட்டை 'ஓவர் புரொவிஷனிங்' என்று ஒதுக்கலாமாம். ஒதுக்க வேண்டுமா? இந்த மென்பொருள் தேவைதானா?
– வாசகர், செந்தூல்

பதில்: உங்கள் வட்டில் எதுவும் குறையவில்லை. தயாரிப்பாளர் 1,000இன் மடங்காக எண்ணுவதை விண்டோஸ் 1,024இன் மடங்காக எண்ணுகிறது. 465 வருவது அதனால்தான்.

எஸ்எஸ்டியின் ஃபிளாஷ் நினைவகத்தில், எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத இயலாது. பழையதை அழித்த பின்னரே புதியதை எழுத முடியும். அழிப்பதும் 'பக்கங்கள்' எனப்படும் சிறு பகுதிகள் பல சேர்ந்த பெரிய தொகுதியாகத்தான் நடக்கும் என்பதால், அத்தொகுதியில் இன்னும் தேவைப்படும் பக்கங்களை வட்டு முதலில் வேறிடத்துக்குப் பெயர்த்து வைக்கிறது. பெயர்த்து வைக்க வெற்றிடம் தாராளமாக இருந்தால் வேகமும் குறையாது, எழுதி அழிப்பதால் வரும் தேய்மானமும் குறையும். மென்பொருள் இடம் கேட்பது இதற்காகவே. ஆயினும், எவ்விடம் காலியானது என்பதை விண்டோஸ் 7 காலந்தொட்டே 'டிரிம்' கட்டளை வட்டுக்குத் தெரிவித்து வருவதால், நீங்களாகவே நாற்பது ஐம்பது ஜிபியை நிரப்பாமல் விட்டு வைத்தாலும் ஏறத்தாழ அதே பயன் கிட்டும். ஒவ்வொரு முகூர்த்த மாதத்திலும் வட்டை விளிம்பு வரை நிரப்பிவிடுபவர் என்றால் ஒதுக்கிவிடுங்கள். பிறகு வேண்டுமானால் திரும்பப் பெறலாம்.

என்னைக் கேட்டால், இம்மென்பொருளை வேகத்துக்காக வைத்துக்கொள்ளத் தேவையில்லை, ஃபர்ம்வேரை (வட்டுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளை) புதுப்பிக்கவே வைத்திருக்க வேண்டும். 2014இல் இதே நிறுவனத்தின் 840 ஈவோ வட்டுகளில், மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த கோப்புகளைப் படிக்கும்போது மட்டும் வேகம் படுத்துவிட்டது. பழைய ஆல்பங்களைத் தேடித் திறக்கும் உங்களைப் போன்றோருக்குத்தான் அது முதலில் உறைத்திருக்கும். அதைச் சரிசெய்தது புதிய ஃபர்ம்வேர். முதல் திருத்தம் போதாமல் 2015இல் இன்னொன்றும் வந்தது.

வட்டில் இதுவரை எழுதப்பட்ட மொத்த அளவையும் இம்மென்பொருளில் அவ்வப்போது பாருங்கள். உங்கள் வட்டுக்கான உத்தரவாதம் ஐந்தாண்டு அல்லது 300 டெராபைட் எழுதி முடிப்பது, எது முந்துகிறதோ அதுவரை. நாளொன்றுக்கு 40 ஜிபி எழுதினாலும் 300 டெராபைட்டை எட்ட இருபது ஆண்டுகளாகும். எனவே தேய்மானக் கவலை வேண்டாம். வேகச் சோதனையைப் பொழுதுபோக்காக ஓட்டாதீர்கள், ஒவ்வொரு முறையும் அது வட்டில் எழுதுகிறது. 'செக்யூர் இரேஸ்' வட்டிலுள்ள அனைத்தையும் அழித்துவிடும் என்பதால், வட்டை விற்கும் நாள்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஃபர்ம்வேரை மாற்றுமுன் படங்களை வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். பிற்பகல் இடிமழைக்கு வானம் கறுத்திருக்கும் வேளையில் அதைத் தொடங்காதீர்கள். யுபிஎஸ் (மின்தடையின்போது மின்சாரம் தரும் மின்கலக் கருவி) இல்லாத மேசைக் கணினியில் பாதியில் மின்சாரம் நின்றால், வட்டு மறுபடி எழாமலே போகக்கூடும்.