தட்டை, கனசதுரம், தூண்: எபிதீலியத் திசு வகைகளைக் குழப்பாமல் ஒப்பிடுவது எப்படி?

உடலின் வெளிப்பரப்பையும் உறுப்புகளின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் திசுதான் எபிதீலியம். படிக்கும் காலத்தில் நானும் அதன் வகைகளில் குழம்பியவன்தான். பெயர்களை மனப்பாடம் செய்வதை விட்டு, 'இந்த இடத்துக்கு என்ன வேலை?' என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் பிடிபட்டது.

நுரையீரலின் காற்று நுண்ணறையில் ஆக்சிஜன் சட்டென்று ரத்தத்துக்குள் போயாக வேண்டும். குறுக்கே தடித்த சுவர் நின்றால் காரியம் கெட்டது. அதனால் அங்கே ஒரே அடுக்கு, அதுவும் தட்டைச் செல்கள். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரோமீட்டர்கூட இருக்காது.

தோலும் தட்டை எபிதீலியம்தான், ஆனால் பல அடுக்கு. உரசலைத் தாங்க வேண்டுமே! மேலே உள்ளது உதிர உதிர, அடியிலிருந்து புதுசு ஏறி வரும். நகம் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு மட்டும் விழும், ரத்தம் வராது. எபிதீலியத்துக்குள் ரத்தக் குழாயே கிடையாது; கீழிருக்கும் இணைப்புத் திசுவிலிருந்துதான் சத்து ஊறி வருகிறது. கன்னத்தின் உட்புறமும் பல அடுக்குதான். எந்நேரமும் எச்சில் படுகிற இடம் என்பதால் தோலில் இருப்பதுபோல் கெரட்டின் (கடினமான புரதம்) அடுக்கு அங்கே இல்லை.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: பல அடுக்காக இருந்தால், மேல் வரிசைச் செல்லின் வடிவத்தை வைத்துத்தான் பெயர். தோலின் அடிவரிசையில் உயரமான செல்கள் இருந்தாலும் அது 'தட்டை'தான்.

சிறுகுடலில் உறிஞ்சும் வேலை. அதற்கான சாமான் செட்டெல்லாம் உள்ளே அடங்க உயரமான தூண் செல்கள், தலையில் நுண்விரல்கள், அதாவது விரல்போன்ற மிகச் சிறிய நீட்சிகள். மூன்று முதல் ஐந்து நாளில் மொத்த வரிசையும் புதுப்பிக்கப்பட்டுவிடும். கனசதுரம் சிறுநீரக நுண்குழல்களிலும் தைராய்டிலும் இருக்கும். அதில் பெரிய குழப்பம் வராது.

குழப்பம் மூச்சுக்குழலில்தான். உட்கருக்கள் மேலும் கீழுமாகக் கிடப்பதைப் பார்த்து, செய்முறைத் தேர்வில் 'பல அடுக்கு' என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விட்டேன். உண்மையில் ஒரே அடுக்கு. எபிதீலியத்துக்கு அடியில் விரித்ததுபோல் இருக்கும் மெல்லிய அடித்தளச் சவ்வில் எல்லாச் செல்லுக்கும் கால் இருக்கிறது. அதனால்தான் 'பொய்யடுக்கு'. மேலே குறுஇழைகள் (அசையும் மயிர்போன்ற நுண் இழைகள்) தெரிந்தால் அநேகமாக இதுதான்.

சிறுநீர்ப்பை இன்னொரு கில்லாடி. காலியாக இருந்தால் மேல் செல்கள் குவிமாடம்போல் உப்பியிருக்கும், நிரம்பினால் தட்டையாகிவிடும்.

இந்த வகைகள் மாறவும் செய்யும். தொடர்ந்து புகைபிடித்தால் மூச்சுக்கிளைக் குழாயில் குறுஇழைச் செல்கள் போய், பல அடுக்குத் தட்டைச் செல்கள் வந்துவிடுகின்றன. புகையைத் தாங்கும்தான், ஆனால் சளியைப் பெருக்கித் தள்ள இழை இல்லை. பிறகு இருமித்தான் தள்ள வேண்டும்.