ரெசிஸ்டர் பட்டைகள்: கேட்டவையும் சொன்னவையும்

ரிச்சி தெருவுக்கு இரண்டு சந்து தள்ளி முப்பது ஆண்டுகளாக ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்த்து வருகிறேன். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகம் ரெசிஸ்டர்; அது எத்தனை ஓம் (மின்தடையின் அலகு) என்பதை அதன் உடம்பில் உள்ள நிறப் பட்டைகள் சொல்லும். அந்த நிறங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பிளஸ் டூ மாணவி, பெரம்பூர்: ஐயா, செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. நிற வரிசை மனதில் நிற்கவே இல்லை.

வானவில்லைப் பிடித்துக்கொள்ளம்மா. சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7. கருநீலத்துக்கு மட்டும் இங்கே இடமில்லை. வானவில்லுக்கு முன்னால் இருட்டு: கறுப்பு 0, பழுப்பு 1. பின்னால் வெளுப்பு: சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு பட்டை இருந்தால் முதல் இரண்டும் எண்கள். மூன்றாவது, எத்தனை சுழியம் சேர்ப்பது என்று சொல்லும். மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4,700 ஓம். கடைசிப் பட்டை தங்கநிறமானால் உண்மை மதிப்பு 5 சதவீதம் கூடலாம், குறையலாம், வெள்ளிநிறமானால் 10.

கல்லூரி மாணவர், தாம்பரம்: நீல உடம்பு, ஐந்து பட்டை, இரண்டு ஓரமும் பழுப்பு. எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?

எனக்கும் எரிச்சலூட்டும் ரகம் இது. ஐந்து பட்டையில் முதல் மூன்றும் எண்கள், நான்காவது சுழியங்கள், ஐந்தாவது துல்லியம். 1 சதவீதத்துக்கும் பழுப்புதான் அடையாளம் என்பதால் வருகிற வம்பு. பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு என்று படித்தால் 10,000 ஓம். திருப்பிப் படித்தால் 120 ஓம். இரண்டுமே கடையில் கிடைக்கிற மதிப்புகள். கடைசிப் பட்டைக்கு முன் இடைவெளி சற்று அகலமாக இருக்க வேண்டும். பல தயாரிப்புகளில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மல்டிமீட்டரை வைத்து ஓம் அளந்து பாருங்கள், இரண்டு நொடி வேலை.

வாசகி, மயிலாப்பூர்: கொலுப்படிக்குச் சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் செய்தேன். 12 வோல்ட் அடாப்டர். ரெசிஸ்டர் பழுப்பு, கறுப்பு, பழுப்பு. எல்லாம் கருகிவிட்டன.

நீங்கள் போட்டது 100 ஓம். சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 10 வோல்ட்டும் ரெசிஸ்டர் தலையில். 100 மில்லி ஆம்பியர் பாய்ந்திருக்கும். அந்தச் சின்ன விளக்குக்கு 20 போதும். ரெசிஸ்டரிலும் 1 வாட் வெப்பம். கால் வாட் ரகம் எப்படித் தாங்கும்? பழுப்பு, கறுப்பு, சிவப்பு வாங்குங்கள். 1,000 ஓம், 10 மில்லி ஆம்பியர், கண்ணுக்கும் இதமாக எரியும்.

புதிதாகத் தொழில் பழகுபவர், அம்பத்தூர்: அண்ணா, கடையில் 5 கிலோ ஓம் கேட்டால் 4.7 கொடுக்கிறார்கள். ஏன்?

10 சதவீத ரகத்தில் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று பன்னிரண்டே படிகள். இவற்றையே பத்து, நூறு மடங்காகப் பெருக்கிக்கொள்வார்கள். 50 இதில் இல்லை, பக்கத்தில் இருப்பது 47; அதனால்தான் 4.7. ஒவ்வொன்றும் முந்தியதைப் போலச் சுமார் 1.2 மடங்கு. ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தால் இடையில் ஏறக்குறைய ஓட்டை விழாது. தம்பி, இந்த வரிசையை நிறங்களைவிட முதலில் மனப்பாடம் செய். தொழிலுக்கு வந்த புதிதில் கருகிய ரெசிஸ்டர் ஒன்றில் மூன்று பழுப்பைப் பார்த்து 110 ஓம் போட்டேன். வாடிக்கையாளரின் டிரான்சிஸ்டர் போனது. காசு என் கையிலிருந்து. அவை சூட்டில் பழுப்பேறிய மூன்று சிவப்புகள், 2,200 ஓம். பன்னிரண்டில் 11 இல்லை என்பது அன்றைக்கு உறைத்திருந்தால் நின்று யோசித்திருப்பேன்.

அதே நண்பர்: போர்டிலேயே வைத்து அளக்கலாமா?

மின்சாரத்தைத் துண்டித்து, கெபாசிட்டர்களில் தேங்கியிருக்கும் மின்னூட்டத்தை வடித்துவிட்டு அளக்கலாம். பட்டை சொல்வதைவிடக் குறைவாகக் காட்டினால் பதறாதே, பக்கத்துப் பாதைகள் சேர்ந்திருக்கும்; ஒரு காலைக் கழற்றி மறுபடி அள. துல்லியத்தையும் தாண்டி அதிகமாகக் காட்டினால் ரெசிஸ்டர் போய்விட்டது. பக்கத்துப் பாதைகளால் மதிப்பைக் குறைக்கத்தான் முடியும்.

வாசகர், குரோம்பேட்டை: நடுவில் ஒரே ஒரு கறுப்புப் பட்டை. இது என்ன?

சுழிய ஓம். கம்பித் துண்டுதான், இயந்திரம் எடுத்துப் பொருத்த வசதியாக ரெசிஸ்டர் வேடம் போட்டிருக்கிறது.