வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் செய்ய முடியுமா?

கேள்வி: பல வருடங்களாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். மர வேலையும் ஓரளவு தெரியும்; சின்ன மேஜை, அலமாரி எல்லாம் செய்திருக்கிறேன். எனக்குப் பிடித்த வடிவத்தில் ஒரு கிட்டாரைக் கையால் செய்ய ஆசை. வீட்டில் டிரில், ரம்பம், உளி, இழைப்புளி இருக்கின்றன. என்ன மரம் வாங்குவது? நெக்கையும், அதாவது விரல் வைத்து வாசிக்கும் கழுத்துப் பகுதியையும், நானே செய்ய வேண்டுமா? எல்லாம் முடிந்த பிறகு சுருதி சேராமல் போய்விடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகச் செய்யலாம். இங்கிலாந்துக் கிட்டார் கலைஞர் பிரையன் மே 1963-இல் தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிட்டாரைத்தான் பிறகு குவீன் இசைக்குழுவில் வாசித்தார். பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரத்தில் நெக், பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகளில் ட்ரெமோலோ (கம்பிகளின் இறுக்கத்தை மாற்றிச் சுருதியை அசைக்கும் அமைப்பு), முத்துச்சிப்பிப் பொத்தான்களில் ஃபிரெட்போர்டு (நெக்கின் மேல் விரல் வைக்கும் பலகை) புள்ளிகள் என்று கையில் கிடைத்ததை வைத்தே முடித்தார்கள். இரண்டு வருடம் ஆனது. அவர்களிடம் பெரிய இயந்திரங்கள் இருக்கவில்லை. கவனமாக அளந்தார்கள், பொறுமையாகச் செய்தார்கள்.

உங்கள் பயமும் நியாயமானதுதான். எலெக்ட்ரிக் கிட்டாரின் பாடி, அதாவது உடல் பகுதி, எந்த வடிவத்தில் இருந்தாலும் ஒலி வரும். ஆனால் நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து, பாடியில் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வரை போகும் நடுக்கோடு கோணலாகிவிட்டாலோ, அதன் நீளம் பிசகினாலோ, எவ்வளவு அழகான கிட்டாரும் சுருதியில் நிற்காது. அதனால் வடிவத்தை வரைவதற்கு முன் இந்த இரண்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நட்டின் விளிம்புக்கும் பிரிட்ஜுக்கும் இடையே உள்ள அடிப்படை நீளத்தை ஸ்கேல் என்பார்கள். ஃபெண்டர் வகைக் கிட்டார்களில் இது 25.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 648 மி.மீ. கிப்சன் வகையில் 24.75 அங்குலம் என்பது வழக்கமான கணக்கு. நீளமான ஸ்கேலில் கம்பிகள் இன்னும் இறுக்கமாக இருக்கும். குட்டையானதில் கம்பியை வளைத்து வாசிப்பது எளிது. நெக்கில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகளான ஃபிரெட்களின் இடமெல்லாம் இந்த ஒரு எண்ணிலிருந்துதான் வருகிறது. மீதி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃபிரெட் எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்று தெரியும். 648 மி.மீ. ஸ்கேலில் முதல் ஃபிரெட் நட்டிலிருந்து 36.37 மி.மீ. தூரத்திலும், பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 324 மி.மீ. தூரத்திலும் வரும். இங்கே அளவு தவறினால் காது கண்டுபிடித்துவிடும்.

அதனால்தான் முதல் கிட்டாருக்கு நெக்கை வாங்கிவிடுங்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். வழக்கமான 10–46 கம்பித் தொகுப்பு (மெல்லியது 0.010 அங்குலம், தடித்தது 0.046 அங்குலம்) ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ விசையில் நெக்கை இழுக்கின்றன. அதைத் தாங்க உள்ளே ட்ரஸ் ராட் என்னும் உலோகக் கோலைப் பதிக்க வேண்டும், ஃபிரெட்போர்டை உருளை வளைவில் இழைக்க வேண்டும், ஏறக்குறைய 0.6 மி.மீ. அகலத்தில் இருபதுக்கு மேற்பட்ட பள்ளங்களை அறுத்து, ஃபிரெட் கம்பிகளை இறக்கி, ஒரே மட்டத்துக்கு அராவ வேண்டும். கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான்; ஆனால் அதுவே ஒரு தனித் தொழில். பாடியைச் செய்து, நெக்கைத் திருகாணியால் பூட்டி, ஒருமுறை முழுக் கிட்டாரையும் உங்கள் கையால் சுருதிக்குக் கொண்டுவந்துவிட்டால், அடுத்த கிட்டாருக்கு நெக் செய்யும்போது எதை எதற்காகச் செய்கிறோம் என்று புரியும். நெக் வாங்கும்போது ஸ்கேல், அடிப்பகுதியின் அகலம், கனம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஃபெண்டர் வகை அடிப்பகுதி சுமார் 56 மி.மீ. அகலமும் 25 மி.மீ. கனமும் இருக்கும்.

மரத்துக்கு வருவோம். எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள்; உலோகக் கம்பியின் அதிர்வைத்தான் அது மின்சாரமாக்குகிறது. எனவே எந்த மரம் என்பதைவிட எந்தப் பிக்கப், அது எந்த இடத்தில், என்ன கம்பி, எப்படிப்பட்ட பிரிட்ஜ் என்பவைதான் ஒலியை அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. பாடிக்கு விலை உயர்ந்த மரம் தேடிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். ஆல்டர், ஆஷ், மஹோகனி, பாஸ்வுட் எல்லாம் வழக்கத்தில் உள்ளவை. தேக்கும் நன்றாகவே இருக்கும். கொஞ்சம் கனக்கும், எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால் பசை போடுவதற்குச் சற்று முன் ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைக்க வேண்டும்.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது ஈரப்பதத்தை. பச்சையாக இருக்கும் பலகையில் எவ்வளவு துல்லியமாகப் பள்ளம் வெட்டினாலும், காயக் காய அது முறுக்கிக்கொண்டு நெக்கையும் இழுத்துக்கொண்டு போகும். 6 முதல் 8 சதவீதம் ஈரம் உள்ள, சூளையில் உலர்த்திய பலகை என்றால் நல்லது. ஈரமானி இல்லையென்றால் பலகையை வேலை செய்யும் அறையிலேயே காற்றோட்டமாக வைத்து, சில நாளுக்கு ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு உளியைத் தொடலாம்.

பாடிக்குச் சுமார் 44 மி.மீ. கனம் வேண்டும். ஒரே அகலமான பலகை கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று துண்டுகளை விளிம்போடு விளிம்பு இழைத்து ஒட்டலாம். ரேகை நெக்கின் திசையிலேயே ஓட வேண்டும். வடிவம் வரையும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வாரை மாட்டும் மேல் குமிழ் ஏறக்குறைய பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேராக வந்தால் கிட்டார் தோளில் சமநிலையாகத் தொங்கும். மேல் கொம்பைக் குட்டையாக்கினால் தலைப்பகுதி கீழே சாயும். வாசிக்கும் நேரமெல்லாம் இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டி வரும்.

அடுத்தது நெக் உட்காரும் பள்ளம். முழு வேலையிலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பாடியின் நடுவில் கத்தியால் கீறி ஒரு நடுக்கோடு போடுங்கள். பென்சில் கோடு சாண்ட்பேப்பரில் போய்விடும். வெளி வடிவத்தை இன்னும் அறுக்காதீர்கள். பலகை சதுரமாக இருக்கும் வரைதான் மூலைமட்டம் வைத்து அளக்க முடியும். பள்ளத்தின் ஆழம் சுமார் 16 மி.மீ. நெக்கின் 25 மி.மீ. கனத்தில் மீதி 9 மி.மீ. பாடிக்கு மேலே நிற்கும். அதற்கு மேல் ஃபிரெட் உயரம், கம்பிக்கான இடைவெளி எல்லாம் சேர்த்தால் பிரிட்ஜில் கம்பி ஏறக்குறைய 12 மி.மீ. உயரத்தில் வரும். ஃபெண்டர் வகைத் தட்டையான பிரிட்ஜ்களில் சாடிலை (ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சின்ன உலோகத் துண்டு) ஏற்றி இறக்கினால் இந்த உயரம் எளிதாகக் கிடைக்கும். கிப்சன் கிட்டார்களில் வரும் டியூன்-ஓ-மேட்டிக் வகை பிரிட்ஜ் இதைவிட உயரமானது. அதற்கு நெக்கைச் சில டிகிரி பின்னால் சாய்க்க வேண்டும். முதல் முயற்சிக்குத் தட்டையான பிரிட்ஜையே எடுங்கள், சாய்வுக் கணக்கே வேண்டாம்.

பள்ளத்தை உளியாலும் வெட்டலாம். அடி தட்டையாகத் துளை போடும் ஃபோர்ஸ்ட்னர் பிட்டை டிரில்லில் மாட்டி, ஆழத்தைக் கட்டுப்படுத்தி, பெரும்பகுதி மரத்தை எடுத்துவிட்டு, சுவர்களை உளியால் செங்குத்தாகச் செதுக்க வேண்டும். இருந்தாலும் யாரிடமாவது ரவுட்டர் (சுழலும் கத்தியால் பள்ளம் வெட்டும் கருவி) இரவல் கிடைத்தால் இந்தப் பள்ளத்துக்காகவே வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கி வைத்த நெக்கையே எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை மேல் வைத்து, அதைச் சுற்றி நேரான பட்டிகளை ஒட்டி அச்சு செய்துகொண்டால் பள்ளம் அந்த நெக்குக்கென்றே அமையும். ஒரே மூச்சில் ஆழமாக வெட்டாமல் ஒரு தடவைக்கு 3 மி.மீ. அளவில் இறங்குங்கள். எப்படியும் முதலில் கழிவுக் கட்டையில் ஒரு பள்ளம் வெட்டிப் பாருங்கள். திருகாணி இல்லாமலே, நெக்கைப் பிடித்துத் தூக்கினால் கட்டையும் கூடவே வர வேண்டும். அந்த இறுக்கம் போதும். அதற்கு மேல் இறுக்கினால் பாலிஷ் போட்ட பிறகு நெக் உள்ளே போகாது.

இப்போது பிரிட்ஜ். வரைபடத்தில் உள்ள அளவை நம்பித் துளை போடாதீர்கள். நெக்கைப் பள்ளத்தில் உட்காரவைத்து, நட்டின் விளிம்பிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட்டின் நடு வரை அளந்து, அதை இரட்டிப்பாக்குங்கள். அந்த இடத்தில் ஒரு குறுக்குக் கோடு. கம்பியை ஃபிரெட் மேல் அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறும். தடித்த கம்பியில் இன்னும் அதிகமாக ஏறும். இதை ஈடுகட்டச் சாடில்கள் பின்னால் நகர வேண்டும். மெல்லிய ஈ கம்பிக்கு ஓரிரு மி.மீ., தடித்த ஈ கம்பிக்கு 5 மி.மீ. வரைகூட தேவைப்படும். அதனால் மெல்லிய ஈயின் சாடில் ஏறக்குறைய முழுக்க முன்னால் இருக்கும்போது நீங்கள் போட்ட கோட்டின் மேல் வரும்படி பிரிட்ஜை வையுங்கள். பின்னால் நகர இடம் மிச்சம் இருக்கும்.

நீளம் சரி, பக்கவாட்டையும் பார்க்க வேண்டும். பிரிட்ஜை டேப் போட்டு ஒட்டி வைத்து, நட்டின் இரண்டு ஓரப் பள்ளங்களிலிருந்தும் ஓரச் சாடில்கள் வரை இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃபிரெட் அருகே நூலுக்கும் ஃபிரெட்போர்டு விளிம்புக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கம்பி விளிம்பில் வழுக்கி விழுகிற கிட்டார்களில் எல்லாம் இந்த ஒரு சோதனையைத்தான் விட்டிருப்பார்கள். இடைவெளி சமமான பிறகே துளை போடுங்கள்.

நெக்கைப் பூட்டும் திருகாணிகள் பாடியின் துளைகளில் தளர்வாக வழுக்கிப் போக வேண்டும். மரை நெக்கில் மட்டுமே கடிக்க வேண்டும். இரண்டிலும் கடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி நின்றுவிடும். நெக் பெரும்பாலும் மேப்பிளில்தான் வரும், அது கெட்டியான மரம். சுமார் 3 மி.மீ. துளை போட்டு, திருகாணியில் கொஞ்சம் மெழுகு தடவி முறுக்குங்கள். துளை ஃபிரெட்போர்டைப் பொத்துக்கொண்டு வெளியே வராதபடி டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு பிக்கப், கண்ட்ரோல் பள்ளங்களை எடுத்து, கடைசியாக வெளி வடிவத்தை அறுத்து, அரமும் சாண்ட்பேப்பரும் கொண்டு உங்கள் இஷ்டப்படி வளைக்கலாம். ரோஸ்வுட், எம்.டி.எஃப். தூசி நுரையீரலுக்குக் கெடுதல். துணி கட்டிக்கொள்வது போதாது, தூசியைத் தடுக்கும் நல்ல முகக்கவசம் போடுங்கள்.

மின்சுற்று பார்க்கப் பயமாக இருந்தாலும் சின்ன வேலைதான். ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் என்றால் 250 கிலோ ஓம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு மின்தடை), இரட்டைச் சுருள் ஹம்பக்கர் என்றால் 500 கிலோ ஓம். சிங்கிள் காயிலின் கூர்மையைக் குறைந்த மதிப்புள்ள பாட் கொஞ்சம் மட்டுப்படுத்தும். டோனுக்கு 0.022 அல்லது 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். பள்ளத்தின் உள்ளே தாமிரத் தகடு ஒட்டி அதை எர்த்தோடு இணைத்தால் இரைச்சல் குறையும். பிரிட்ஜிலிருந்தும் எர்த்துக்கு ஒரு கம்பி போக வேண்டும். பிரிட்ஜைப் பூட்டுவதற்கு முன்பே அதற்குச் சின்னத் துளை போட்டுக்கொள்ளுங்கள், நிறையப் பேர் மறப்பது இதைத்தான். கம்பிகளைத் தொட்டால் ரீங்காரம் அடங்கினால் எல்லாம் சரி. தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன.

பாலிஷுக்கு வீட்டில் எண்ணெய் வகைதான் நல்லது. 220 எண் வரை சாண்ட்பேப்பர் போட்டு, துணியால் மெல்லிய பூச்சாகத் தடவி, காயவைத்து, மறுபடி தடவுங்கள். ஸ்பிரே கருவி தேவையில்லை, கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். சில எண்ணெய்கள் காயும்போது சூடேறி, குவித்து வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறம் அப்புறப்படுத்துங்கள்.

கடைசியில் கம்பி கட்டிச் சுருதி சேர்ப்பது. இதில் வரிசை முக்கியம். ஒன்றைத் திருத்தினால் அதற்கு அடுத்ததெல்லாம் மாறும். கம்பிகளை முழுச் சுருதிக்கு ஏற்றிவிட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழு, எட்டாவது ஃபிரெட் பக்கம் இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.25 மி.மீ. இருந்தால் நல்லது. அதிகமென்றால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்குங்கள், குறைவென்றால் தளர்த்துங்கள், ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். அதன் பின் சாடில்களை ஏற்றி இறக்கி, பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேல் மெல்லிய கம்பி 1.6 மி.மீ., தடித்த கம்பி 2 மி.மீ. உயரத்தில் நிற்கச் செய்யுங்கள். ஏதாவது ஒரு ஃபிரெட்டில் மட்டும் கம்பி உரசினால், மூன்று ஃபிரெட்கள் மேல் சிறிய நேர்த்தகடு ஒன்றை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடு ஃபிரெட் தூக்கி நிற்கிறது. அதை மட்டும் இறக்கவோ அராவவோ வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பிறகுதான் இன்டோனேஷன், அதாவது எந்த ஃபிரெட்டில் அழுத்தினாலும் சுருதி சரியாக வரச் செய்வது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அழுத்தி வாசிக்கும் சுரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு தடவையும் மறுபடி சுருதி சேர்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். புதிய நெக் கம்பிகளின் இழுப்புக்குப் பழகச் சில வாரம் ஆகும். அப்போது ட்ரஸ் ராடிலிருந்து தொடங்கி இந்த வரிசையை இன்னொரு முறை செய்யுங்கள். பின்னாளில் வேறு கனத்தில் கம்பி மாற்றினாலும் இதே வரிசைதான்.